கல்விக் கட்டணம் பூஜ்யம், சரி. அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் கல்விக் கட்டணம் முழுக்க இலவசம். மற்றதில் கட்டணம் உண்டு, ஆனால் உதவித்தொகை தருகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார் என் கணவர். அப்படியே சேர்த்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். கட்டண விவரத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'கல்விக் கட்டணம்' என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் இருக்கும். அதற்குக் கீழே பதிவு, தேர்வு, ஆய்வகம், விடுதி, காப்பீடு என்று வரிசையாக வருமே, அதைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் கையிலிருந்து போகப்போகிற பணம். சுவீடனில் உள்நாட்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது, ஆனாலும் ஏராளமான பேர் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடனோடுதான் பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள்.

யாருக்கு இலவசம் என்பதையும் பாருங்கள். ஜெர்மனி என்றாலே இலவசம் என்று நினைக்கிறோம், ஆனால் அங்கே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. நார்வேயும் 2023-இல் வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டணம் விதித்துவிட்டது.

அப்புறம், பெற்றோர் அநேகமாகக் கேட்காத ஒரு கேள்வி: இலவசத் திட்டத்தின் பணம் முதலில் வருமா, கடைசியில் வருமா? கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம், மகளுக்கு வேறொரு அரசு உதவித்தொகை 80 கிடைக்கிறது. திட்டப் பணம் முதலில் வந்தால் அதுவே 100-ஐயும் கட்டிவிடும், அந்த 80 புத்தகத்துக்கும் வாடகைக்கும் மிஞ்சும் (அப்படிச் செலவழிக்க விதி இடம் தர வேண்டும், அது வேறு விஷயம்). கடைசியில் வந்தால் மீதி 20 மட்டும்தான், கையில் ஒன்றும் நிற்காது. அமெரிக்காவின் டென்னசியில் 2015 முதல் மாணவர்களுக்குக் கிடைத்துவரும் திட்டம் இந்த இரண்டாவது ரகம். வசதி குறைந்த பிள்ளைக்கு ஏற்கெனவே வேறு உதவி கிடைப்பதால் திட்டத்திலிருந்து வருவது சொற்பம், வேறு உதவி கிடைக்காத நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு முழுசாக வரும். எனக்கு இது உடன்பாடில்லை, ஆனால் விதி அப்படித்தான்.

இனி நிபந்தனைகள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர் பருவத்தின் நடுவில் கஷ்டமாக இருக்கிறதென்று ஒரே ஒரு பாடத்தை விட்டார். மதிப்பெண்ணெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குறைந்தபட்சம் படிக்க வேண்டிய பாட அளவு குறைந்துபோனதால் சலுகை ரத்து, அடுத்த பருவத்துக்கு முழுக் கட்டண பில் வந்து நின்றது. நியூயார்க் மாநிலம் 2017-இல் கொண்டுவந்த எக்ஸெல்சியர் திட்டம் இன்னும் கறார்: ஆண்டுக்கு 30 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் புள்ளி) முடிக்க வேண்டும், படித்து முடித்தபின் எத்தனை ஆண்டு சலுகை வாங்கினோமோ அத்தனை ஆண்டு அந்த மாநிலத்திலேயே வசிக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கியது கடனாக மாறிவிடும். சிலியில் 2016-இல் தொடங்கிய இலவசக் கல்வி, படிப்புக்கு விதித்த கால அளவுக்கு மட்டுமே, இழுத்துக்கொண்டே போனால் செலவு நம்முடையது. ஸ்காட்லாந்தில் கட்டணச் சலுகைக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டணம் வாங்கும் கல்லூரியிடம் கேட்க இரண்டே கேள்விகள்தான்: உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, கட்டணம் ஏறினால் அதுவும் ஏறுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள், கவுண்டரில் யாரோ வாயால் சொன்னது கணக்கில் வராது.

பிறகு ஒரு தாளில் இரண்டு கல்லூரிக்கும் கடைசி ஆண்டு வரைக்குமான மொத்தச் செலவைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மகள் கேட்ட பாடப்பிரிவு இரண்டிலும் இருந்து, அப்போதும் இலவசக் கல்லூரிதான் குறைவாக வருகிறதென்றால், உங்கள் கணவர் சொன்னபடியே செய்யுங்கள்.