நருசேயின் வரவு செலவு

மதிப்பிற்குரிய ஐயா,
ஜப்பானிய இயக்குநர் மிக்கியோ நருசேயின் இரண்டு படங்களைப் பார்த்தேன். எல்லாரும் களைத்துப்போய் இருக்கிறார்கள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு ஜப்பானிய இயக்குநரான ஓசுவையே மங்கலாகப் பார்த்ததுபோல இருந்தது. இவரை ஏன் மேதை என்கிறார்கள்?
இப்படிக்கு, ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் நருசேயின் முதலாளிக்கே இருந்தது. ஷொசிகு ஸ்டுடியோவின் தலைவர் ஷிரோ கிடோ, "நமக்கு இரண்டு ஓசு தேவையில்லை" என்றாராம். நருசே 1934இல் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அது பின்னர் தோஹோ என்ற திரைப்பட நிறுவனத்தோடு இணைந்தது. கிடோ கணக்கில் புலி. ஆள் மதிப்பில் அன்று சறுக்கிவிட்டார்.

ஓசுவின் பிற்காலப் படங்களில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டுமே என்பது கவலை. நருசேயிடம் யார் காசு கொடுப்பது என்பது கவலை. 1905இல் டோக்கியோவில் ஏழை வீட்டில் பிறந்து, பதினைந்து வயதில் ஸ்டுடியோவில் அரங்கப் பொருள்களை எடுத்துவைக்கும் பையனாகச் சேர்ந்து, இயக்குநராகப் பத்து வருடம் காத்திருந்தவர். காசின் கனம் கைக்குத் தெரியும். 1960இல் வந்த 'ஒரு பெண் மாடிப்படி ஏறும்போது' படத்தில் டோக்கியோவின் கின்சா பகுதியில் மதுக்கூடத்தை நடத்தும் விதவையாக ஹிடெகோ தகமினே வருகிறார். கிமோனோ, வாசனைத் திரவியம், வீட்டு வாடகை எல்லாம் தொழிலுக்கான செலவு. தாய்க்கு அது ஆடம்பரமாகத் தெரிகிறது. அண்ணனோ வக்கீலுக்கும் மகனின் கால் அறுவை சிகிச்சைக்கும் பணம் கேட்டு நிற்கிறான். அழுதுவிட்டு அவள் மறுபடி படியேறுகிறாள். இது ஒன்றும் நடக்காததா?

1964இல் வந்த 'மிதரேரு'வைப் பாருங்கள். போரில் கணவனை இழந்து, பதினெட்டு வருடம் மாமியார் வீட்டு மளிகைக் கடையைக் காத்த பெண். அருகே சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. கொழுந்தன் அவளைக் காதலிக்கிறான். அவள் ஊரை விட்டுப் புறப்படும் ரயிலில் அவனும் ஏறிவிடுகிறான். முதலில் தூரத்தில் நிற்கிறான், பிறகு சில இருக்கை தள்ளி, பிறகு எதிரே. கேமரா அலட்டிக்கொள்வதில்லை. அவன் தூங்கும்போது அவள் கண் கலங்குகிறது. அவ்வளவுதான், நான் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகிறேன்.

பின்னால் அவள் அவன் விரலில் காகிதத்தைத் திரித்துக் கட்டுகிறாள். அந்தக் காகிதத்தை மறந்துவிடாதீர்கள். மேலே சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், சண்டைக்கு வந்தாலும் சரி.