கடையில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு

கேள்வி: அப்பா தன் போனின் பேட்டர்னை மறந்துவிட்டார். உள்ளே பேரன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள். 'எதுவும் அழியாமல் அன்லாக் செய்யும்' என்று ஒரு சாஃப்ட்வேர் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். நான் வாங்கி ஏமாந்தவன். அம்மாவின் போனுக்காகப் பணம் கட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, கேபிளைச் செருகிய பிறகு பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது: இந்த மாடலில் எல்லாத் தகவலும் அழிந்துவிடும். அழிப்பதற்கு எதற்குக் காசு? அதைப் போனே சும்மா செய்யும். இன்றைய போன்களில் உள்ளிருப்பதெல்லாம் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது, அதாவது படிக்க முடியாத சங்கேதமாக மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பேட்டர்ன் இல்லாமல் பிரிக்க முடியாது.

முதலில் கம்ப்யூட்டரில் அப்பாவின் கூகுள் போட்டோஸைத் திறந்து, படங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மெமரி கார்டு இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். அப்புறம் போனை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். யோசித்தால் வராத பேட்டர்ன் சில நேரம் விரலுக்கு வந்துவிடும். தப்பாகப் போடப் போட காத்திருக்கும் நேரம் கூடும் என்பதால் அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: வீட்டில் எல்லோருடைய போனுக்கும் 1234-தான். வசதியாக இருக்கிறது. தப்பா?

திருடனுக்கும் வசதிதான்.

கேள்வி: அம்மா நேற்று ஐபோன் பாஸ்கோடை மாற்றினார். இன்று புதியது மறந்துவிட்டது, பழையது நினைவிருக்கிறது.

போனை இயக்கும் மென்பொருள் ஐஓஎஸ் 17 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழைய பாஸ்கோடைக் கொடுத்துப் புதிதாக அமைக்கலாம். சில முறை தப்பாக அடித்ததும், 'பாஸ்கோடு மறந்துவிட்டதா' என்று திரையின் கீழே வரும். இங்கே அச்சாகும் வரை தாங்காது என்று இவருக்கு அன்றே பதில் எழுதிவிட்டேன். திறந்துவிட்டதாம்.

கேள்வி: மாமனாருக்காகப் பழைய போன் வாங்கினேன். ரீசெட் செய்து எல்லாவற்றையும் அழித்ததும் முந்தைய ஆளின் கணக்கைக் கேட்கிறது. விற்றவர் போனையே எடுப்பதில்லை.

பாவம், தப்பு உங்களுடையது இல்லை. இது திருடர்களுக்காக வைத்த பூட்டு. ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7-உடனும், ஆண்ட்ராய்டில் 2015-இல் 5.1-உடனும் வந்தது. விற்றவர் மனது வைத்தால் ஐபோனை ஆப்பிளின் இணையச் சேவையான ஐகிளவுட் வழியாக, இருந்த இடத்திலிருந்தே விடுவிக்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் அவரே வந்து பாஸ்வேர்டை அடித்துக் கொடுப்பதுதான் நேர்வழி. அவர் பிடி கொடுக்காவிட்டால் ரசீதையும் மெசேஜ்களையும் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கணக்கு இல்லாமலே இந்தப் பூட்டை 'பைபாஸ்' செய்து தருகிறேன் என்பவரிடம் இன்னொரு முறை ஏமாறாதீர்கள்.

மற்றவர்களுக்கு: பணம் கொடுக்கும் முன்பு, விற்பவரையே செட்டிங்ஸுக்குள் போய் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். முகப்புத் திரை வரும் வரை நகராதீர்கள்.

கேள்வி: 22 வயது மகளின் போனை அவளுக்குத் தெரியாமல் திறக்க ஏதாவது ஆப் உண்டா?

இந்தப் பகுதியில் கிடையாது.

கேள்வி: மாமியாருக்குப் புது போன் வாங்கியபோது கடையிலேயே எல்லாம் செட் செய்து தந்தார்கள். இப்போது கூகுள் பாஸ்வேர்டு கேட்கிறது. யாருக்கும் தெரியாது.

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கவுன்டரில் நிற்பவருக்கு அடுத்த ஆளைப் பார்க்கும் அவசரம். வாய்க்கு வந்த பெயரில் ஒரு கணக்கு, பிறந்த தேதி ஜனவரி 1, பாஸ்வேர்டு அவர் மனதில் தோன்றியது. 'முடிஞ்சதும்மா' என்று போனை நீட்டுவார். வாங்கியவரும் சந்தோஷமாக வாங்கி வருவார்! பூட்டைத் திறக்கும் பின் நம்பரை மட்டும் எல்லோரும் கேட்டு வைத்துக்கொள்கிறீர்கள். ரீசெட் செய்யும் அன்று போன் கேட்கப்போவது இந்தக் கணக்கை. போன் வாங்க அரை நாள் அலைகிறவர்களுக்குக் கணக்கைத் தானே தொடங்கப் பத்து நிமிடம் கிடைக்கவில்லையா?

நல்லவேளை, போன் இன்னும் திறந்திருக்கிறது. ரீசெட் பக்கமே போகாதீர்கள். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்தால், உறுதிப்படுத்தச் சொல்லி அதே போனுக்கே செய்தி வரக்கூடும். புதியதை மாமியாரே தேர்ந்தெடுக்கட்டும். மீட்பு எண்ணாகக் கடைக்காரர் எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்குங்கள். பாஸ்வேர்டை மாமியார் கையாலேயே தாளில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தாவின் விரல்ரேகை பதியவில்லை. சென்சார் போய்விட்டது, புது போன் வாங்குங்கள் என்கிறார்கள்.

உங்கள் விரலைப் பதிந்து பார்த்தீர்களா? அதற்குத் திறந்தால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. வயதானால் ரேகை தேயும், தோல் வறளும். ஒரே விரலை இரண்டு முறை பதியுங்கள். திரைக்குள் சென்சார் இருந்தால் மேலே ஒட்டிய தடித்த கண்ணாடியையும் எடுத்துப் பாருங்கள். அணைத்துப் போட்டால் எப்படியும் பின் நம்பர் கேட்கும், அது தாத்தாவுக்குத் தெரியும்தானே?