கர்ப்பம் உறுதியாகும் முன்பே ஃபோலிக் அமிலம் எதற்கு?

குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குமாறு மருத்துவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு.

ஃபோலேட் என்பது கீரை, பயறு, கொண்டைக்கடலை முதலியவற்றில் உள்ள பி9 வைட்டமின். அதன் செயற்கை வடிவமே மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. கரு உருவான ஏறத்தாழ 28 நாட்களுக்குள், தட்டையான ஒரு திசு, தாளைச் சுருட்டி ஓரங்களை ஒட்டுவதுபோலக் குழலாக மூடிக்கொண்டு, பின்னர் மூளையும் தண்டுவடமுமாக வளர்கிறது. அந்த ஒட்டு எங்காவது விட்டுப்போனால் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற குறைகள் நேர்கின்றன. மாதவிலக்கு தள்ளிப்போய், பரிசோதித்து, மருத்துவரைப் பார்ப்பதற்குள் அந்த நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடும். சுவர் எழுப்பிய பிறகு கடைக்காலுக்குச் சிமெண்ட் வாங்குவது போன்றது அது. ஆகவேதான் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து முதல் 12 வாரங்கள் வரை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பரிந்துரைக்கப்படுகிறது. முந்தைய கர்ப்பத்தில் இக்குறை நேர்ந்தவர்களுக்கு மருத்துவர் கூடுதல் அளவு தருவார். அத்தகையோரிடம் 4 மில்லிகிராம் மாத்திரை, குறை மீண்டும் நேர்வதை 72 சதவீதம் குறைத்ததாக 1991இல் வெளியான பிரிட்டன் தலைமையிலான ஆய்வு காட்டியது.

இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில் கிடைக்கும் இன்னொரு வைட்டமினான பி12 குறைந்தால், உடலில் இருக்கும் ஃபோலேட்டும் பயன்படாத வடிவில் முடங்கிவிடும். பாலும் தயிரும்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவினர் பி12 அளவையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது; வீடுகளில் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

மாத்திரை போட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் சிக்கலாகும் என்ற பேச்சு தவறானது. பரிந்துரைத்த அளவில் எடுக்கும் ஃபோலிக் அமிலம் குழந்தையை அளவுக்கு மீறிப் பெருக்கச் செய்வதில்லை.