கேள்வி–பதில்: முப்பது கணினிகளுக்கு ஒரே அடையாளம் போதுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 30 கணினிகளில் டெபியன் லினக்ஸ் நிறுவ வேண்டும். ஒன்றில் மட்டும் நிறுவி, அதன் ஹார்டு டிஸ்க்கை மற்றவற்றுக்குக் குளோன் (அப்படியே நகல்) செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். நிறுவும்போது கேட்கப்படும் ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் கணினியின் பெயர்) எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருந்தால் சிக்கல் வருமா?
– ஆய்வக உதவியாளர், ஈரோடு

பதில்: கட்டாயம் வரும். அந்தப் பெட்டியில் ‘டெபியன்’ என்ற பெயர் முன்பே நிரப்பப்பட்டிருப்பதால் பலரும் எண்டர் தட்டிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். பிறகு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்தே ஒரு கணினியை இயக்கும் முறை) வழியாக எந்தக் கணினிக்குள் நுழைந்தாலும் டெர்மினலில் ஒரே பெயர்தான் தெரியும். ஒரு கணினியில் இருக்கிறோம் என்று நினைத்து இன்னொன்றின் கோப்புகளை அழித்துவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். முதலிலும் கடைசியிலும் இடைக்கோடு கூடாது. நீளம் 63 எழுத்துகளுக்கு மிகக் கூடாது. அதே நெட்வொர்க்கில் விண்டோஸ் கணினிகளும் இருந்தால் 15 எழுத்துகளுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஆட்களின் பெயரை வைக்காமல், ‘lab2-07’ என்பதுபோல அறையையும் இருக்கையையும் குறிக்கும் பெயரை வைத்து, அதையே கேபினெட்டிலும் ஒட்டிவிடுங்கள். ஆட்கள் மாறுவார்கள், இருக்கை எண் மாறாது.

ஆனால் குளோன் செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது, நிறுவும்போது நம்மைக் கேட்காமலேயே உருவாகும் மெஷின்-ஐடி என்ற இன்னோர் அடையாளத்தைத்தான். இடிசி (/etc) அடைவில் 32 இலக்கப் பதினாறடிமான (0–9, a–f) எண்ணாக இருக்கும் இது, குளோன் செய்தால் அப்படியே நகலாகிவிடும். நெட்வொர்க் இணைப்பைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி மூலம் ஐபி முகவரி பெறும் கணினிகள் இயல்பாக இந்த எண்ணிலிருந்து பெற்ற அடையாளத்தையே, ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் காட்டுகின்றன என்பதால், நெட்வொர்க் கார்டுகளின் மேக் முகவரிகள் வேறுவேறாக இருந்தும் இரண்டு கணினிகளுக்கு ஒரே ஐபி முகவரி கிடைத்து, இரண்டிலும் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோகும். கேபிளையும் சுவிட்சையும் எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

எனவே குளோன் எடுப்பதற்கு முன், கடைசி வேலையாக, மெஷின்-ஐடி கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கிவிட்டு கணினியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நகலும் முதல்முறை பூட் ஆகும்போது தனக்கென்று புதிய எண்ணை உருவாக்கிக்கொள்ளும். ஆனால் வார்-லிப்-டிபஸ் (/var/lib/dbus) அடைவிலுள்ள மெஷின்-ஐடி, இந்தக் கோப்பைச் சுட்டும் இணைப்பாக இல்லாமல் தனிக்கோப்பாக இருந்தால், பழைய எண் அதிலிருந்தே திரும்ப வந்துவிடும். அதை முதலில் சரிபாருங்கள். எஸ்எஸ்எச்சில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் சாவிகளையும் ஒவ்வொரு நகலிலும் புதிதாக உருவாக்க வேண்டும்.

ஹோஸ்ட்நேமை ஹோஸ்ட்நேம்சிடிஎல் (hostnamectl) கட்டளையால் மாற்றலாம். அத்துடன் ஹோஸ்ட்ஸ் (/etc/hosts) கோப்பில் 127.0.1.1 என்ற வரியிலும் புதிய பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் நிர்வாகி உரிமையில் கட்டளைகளை இயக்கும் சூடோ ஒவ்வொரு முறையும் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று முறையிடும். முதலில் இரண்டே நகல்கள் எடுத்து, இரண்டின் மெஷின்-ஐடியையும் ஒப்பிட்டு, வேறுவேறாக இருந்தால் மட்டும் மீதிக் கணினிகளுக்குச் செல்லுங்கள்.