மெடில்டா யார்?

கேள்வி: 'வால்ட்ஸிங் மெடில்டா' என்ற ஆஸ்திரேலியப் பாட்டைக் கேட்டேன். அகராதியைப் புரட்டியும் ஒன்றும் விளங்கவில்லை. மெடில்டாவோடு நடனமாடக் கூப்பிடுகிறவன் ஏன் ஆடு திருடுகிறான், ஏன் தண்ணீரில் குதிக்கிறான்? அந்தப் பெண் எங்குமே வரவில்லை! இந்த உளறலை ஒரு நாடே கொண்டாடுகிறதா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பெண் எங்குமே வரவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அங்கேயே ஒரு நிமிடம் நின்றிருக்கலாம். உளறல் என்று தாவிவிட்டீர்கள்.

மெடில்டா பெண் இல்லை, மூட்டை. வேலை தேடி ஊர் ஊராக நடந்த கூலியாள் தோளில் சுமந்த போர்வைச் சுருளுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர். வால்ட்ஸும் இங்கே ஆட்டம் இல்லை. ஜெர்மனியில் கைத்தொழிலாளிகள் தொழில் பழக ஊர் சுற்றுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆக, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவதுதான் சங்கதி. 'நடையைக் கட்டினான்' என்பதை ஒரு வெள்ளைக்காரர் அகராதி வைத்துப் படித்தால், கயிறு எங்கே என்றுதான் கேட்பார்.

'ஸ்குவாட்டர்' என்ற சொல்லிலும் வழுக்கியிருப்பீர்கள். ஆக்கிரமிப்பாளர் என்று அகராதி சொல்லும். குடிசை போட்ட ஏழை நினைவுக்கு வருவார். பாட்டிலோ அவர் ஜாதிக்குதிரையில் வருகிறார், கூடவே மூன்று போலீஸ்காரர்கள். அரசு நிலத்தை முதலில் வளைத்துப்போட்டவர்கள் அங்கே பெரிய பண்ணையார்கள் ஆனார்கள்; பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. (வளைத்துப்போட்டவர் பண்ணையார் ஆவது ஆஸ்திரேலியாவில் மட்டும் நடக்கிற அதிசயமா என்ன? சரி, அது வேறு கேள்வி.) 'ஜம்பக்' என்பது செம்மறியாடு. 'பில்லபாங்' ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன மடு.

ஆஸ்திரேலியக் கவிஞர் பாஞ்சோ பேட்டர்சன் இந்தப் பாட்டை எழுதியது 1895-இல், அங்குள்ள குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஓர் ஆட்டுப்பண்ணையில் தங்கியிருந்தபோது. முந்தின ஆண்டுதான், கம்பளி கத்தரிக்கும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில், அதே பண்ணையின் கொட்டகை எரிந்திருந்தது. ஒற்றை ஆட்டுக்கு மூன்று போலீஸ் எதற்கு என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

நாடே கொண்டாடுகிறது என்பதும் முழுக்கச் சரியில்லை. 1977-இல் தேசியப் பாடல் எது என்று வாக்கெடுத்தபோது இதற்குக் கிடைத்தது 28 சதவீதம், இரண்டாம் இடம்.

இனி பல்லவியை மட்டும் திரும்பக் கேளுங்கள். 'என்னோடு மூட்டை தூக்க வருகிறாயா' என்று முதலில், டீத்தண்ணீர் கொதிக்கும்வரை பொழுது போகாமல் பாடுகிறான். அப்புறம் அதே வரியை, திருடிய ஆட்டைப் பையில் திணித்தபடி ஆட்டிடம் பாடுகிறான். அடுத்த முறை அது விரட்டி வந்தவர்கள் வாயில் வருகிறது: நட, எங்களோடு! உயிரோடு என்னைப் பிடிக்க முடியாது என்று அவன் மடுவில் குதித்துவிடுகிறான். கடைசியில் கரையோரம் போகிறவர்கள் காதில் விழுவது அவன் ஆவியின் குரல், அதே வரி.

அது யாரைக் கூப்பிடுகிறது என்று அடுத்த கடிதத்தில் நீங்கள் எழுதுங்கள்.