மெக்சிகோ: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மூன்று தடவை மெக்சிகோ போய்வந்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து ஏழு மாதம். முதல் தடவை கிளம்புவதற்கு முன் நான்கு வருடம் வெறும் வாசிப்புதான். கேள்வி அனுப்பச் சொன்னதும் நாற்பதுக்கு மேல் வந்து விழுந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தை தெரியாது. படிப்பதை எங்கே தொடங்கலாம்?

பிரமிடில் தொடங்காதே தம்பி, ஃபுளோரன்ஸ் சுவடியில் தொடங்கு. ஸ்பானியர் நாட்டைப் பிடித்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில், பெர்னார்டினோ தெ சஹாகுன் என்ற துறவி உள்ளூர் நஹுவா இன அறிஞர்களையும் ஓவியர்களையும் வைத்து, அந்த மக்களின் வாழ்க்கையைப் பற்றித் தொகுத்தது. 12 பாகம். இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் அவர்கள் மொழியான நஹுவாட்ல், கூடவே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். 2023இல் அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது, ஆங்கிலத்திலும் படிக்கலாம். சாமிகளையும் போரையும் அப்புறம் பார்த்துக்கொள். 10ஆம் பாகத்தில் சந்தைக்காரர்கள் வருகிறார்கள். நல்ல தக்காளி வியாபாரி யார், மோசமான வியாபாரி யார் என்று எழுதியிருக்கும். மோசமானவர் அழுகலையும் அடிபட்டதையும் தலையில் கட்டுவார். நம் தெருமுனையில் பார்த்த ஆள் மாதிரியே இருப்பார்.

கேள்வி: மெக்சிகோ சிட்டியின் மானுடவியல் அருங்காட்சியகத்தை ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

முடியாது. ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். 1790இல் நகரத்தின் பெரிய சதுக்கத்தில் தோண்டும்போது கிடைத்த சூரியக்கல், 24 டன் எடை, தரைத்தளத்தில் இருக்கிறது. அதன் முன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அதையேதான் செய்தேன். மாடி முழுக்க இன்றைக்கு வாழும் பழங்குடி மக்களின் வீடு, துணி, வலை, திருவிழா. அங்கே ஆளே இருக்காது. முதலில் மாடிக்குப் போங்கள். திங்கள்கிழமை விடுமுறை. இன்னொன்று, நகரம் 2,240 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் ஊட்டி அளவுக்கு இருக்கிறது. இறங்கிய அன்றே படி ஏறினால் மூச்சு வாங்கும்.

கேள்வி: டார்ட்டியா என்பது மக்காச்சோளச் சப்பாத்திதானே மேடம்? அதைப் போய் கலாசாரம் என்று ஏன் பெரிதாகப் பேசுகிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். ஒட்டாது, தட்டினால் உதிரும். அங்கே முந்தின நாள் மாலையே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அப்படியே ஊறவிடுகிறார்கள். இதற்கு நிஷ்டமால் என்று பெயர்.

தெற்கு மெக்சிகோவின் வஹாகாவில் நான் தங்கிய வீட்டம்மா விடியற்காலையில் அந்தப் பானையில் என் கையைவிடச் சொன்னார். தண்ணீர் மஞ்சளாக வழவழவென்று இருந்தது, ஈரச்சுவர் வாசனை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்று வருகிறது. நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, வாளியில் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனோம். ஆறரை மணிக்கே அங்கே பத்துப் பெண்கள் வரிசையில். ஊர்க்கதை பூராவும் அந்த வரிசையில்தான். மில் வருவதற்கு முன் மெதாதே என்ற கல்லில் மண்டி போட்டு அரைத்தார்கள். நம் அம்மி மாதிரிதான், ஆனால் மூன்று கால் வைத்து, முன்பக்கம் சரிவாக இருக்கும். ஐந்து நிமிடம் அரைத்துப் பார்த்தேன். முதலில் வலித்தது முட்டி.

இதில் விஞ்ஞானமும் இருக்கிறது. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற சத்து, சுண்ணாம்பில் வெந்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு அங்கே, நியாசின் குறைந்தால் வரும் பெல்லாக்ரா நோய் வந்தது. காரணம் புரிய 20ஆம் நூற்றாண்டு ஆனது. இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். பானையில் கைவிடும்வரை மண்டையில் ஏறவில்லை.

கேள்வி: நான் சுத்த சைவம். சோறும் பீன்ஸும் போதும் என்று போகலாமா?

பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளித்திருப்பார்கள், சோறு கோழி வெந்த தண்ணீரில் வெந்திருக்கும். “சின் மந்தேகா”, அதாவது கொழுப்பு வேண்டாம், என்று சொல்லப் பழகுங்கள். பூசணிப்பூ, கள்ளிமடல், சோளக்கதிரில் வளரும் கரும்பூஞ்சை எல்லாம் நன்றாக இருக்கும். தலைநகரில் கேசடிலா, அதாவது உள்ளே ஏதாவது வைத்து மடித்த டார்ட்டியா, கேட்டால் சீஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். ஸ்பானிஷில் கேசோ என்றால் சீஸ், பெயரிலேயே சீஸ் இருக்கிறதே என்று மற்ற ஊர்க்காரர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

கேள்வி: இறந்தோர் நாளுக்குப் போக ஆசை. அந்த ஊர்வலம் எந்தத் தேதியில்?

தலைநகரின் பெரிய ஊர்வலம் 2016இல்தான் தொடங்கியது. முந்தின வருடம் வந்த ஜேம்ஸ்பாண்ட் படத்தில் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் நிஜமாகவே நடத்த ஆரம்பித்தார்கள். பழையது வீட்டுப் படையல். நவம்பர் 1 பொதுவாகக் குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. தண்ணீர், உப்பு, ரொட்டி, போனவருக்குப் பிடித்த சாப்பாடு, அப்புறம் குவியல் குவியலாகச் செண்டுமல்லி. அந்தப் பூவின் சொந்த ஊரே மெக்சிகோதான்.

வஹாகா பக்கம் ஒரு கல்லறையில், ஒரு குடும்பத்தைக் கேட்காமலே படம் எடுத்தேன். பாட்டி கோபப்படவில்லை. “நீ யாரைப் பார்க்க வந்தாய்?” என்றார். “உங்களைத்தான்” என்று எப்படிச் சொல்வது? அடுத்த தடவை பூக்கட்டோடு போனேன், கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு.

கேள்வி: மாயன்களும் நம் மாமுனி மயனும் ஒன்றா? அவர்கள் எப்படி மறைந்தார்கள்?

பன்னிரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்! பெயர் ஒலி ஒத்துப்போவதைத் தவிர ஆதாரம் எதுவுமில்லை. மறையவும் இல்லை. மாயா நிலத்தின் தெற்குப் பக்கத்துப் பெருநகரங்கள் பல 9ஆம் நூற்றாண்டு வாக்கில் காலியாயின, அவ்வளவுதான். யுகாடான் பகுதியின் மெரிதா ஊர் டவுன் பஸ்ஸில் ஏறினால் மாயா மொழி காதில் விழும். மெக்சிகோவில் அப்படி 68 பழங்குடி மொழிகளுக்குத் தேசிய மொழி அந்தஸ்து இருக்கிறது.

நிஜமான தொடர்பு வேண்டுமென்றால் சமையலறைக்குப் போங்கள். மிளகாய் அங்கிருந்து புறப்பட்டு, போர்த்துகீசியர் கையால் நம்மிடம் வந்தது. நாம் மிளகோடு காயை ஒட்டி ஒரு பெயர் வைத்துவிட்டோம். எதிர்த்திசையில் போனவர் கதரீனா தெ சான் ஹுவான். இந்தியாவில் பிறந்தவர் என்கிறார்கள். சிறுமியாகப் பிடிபட்டு, மணிலா வழியாக அடிமையாக மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்தில் இறங்கி, புவேப்லா நகரில் 1688இல் இறந்தார். ஊரே புனிதவதி என்று கொண்டாடியது. பிறகு திருச்சபை விசாரணை மன்றம் அவர் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தைத் தடைசெய்தது.

கேள்வி: “அஹோரிட்டா வருகிறேன்” என்றால் எத்தனை நிமிடம் அக்கா?

நம் ஊரில் “தோ வந்துட்டேன்” என்றால் எத்தனை நிமிடமோ, அத்தனை.