தகரம் உரசினால் குற்றமா? கராஜ்காரர் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "தகரம் உரசாத டூரிங் கார் ரேஸ் உப்பில்லாத கூழ் மாதிரி" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். திருகோணமலையில் பாதிப் பேர் கூழை விட்டுவிட்டுத் தகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கடிதம், வட்ஸ்அப், போதாக்குறைக்குக் கராஜ் வாசலில் நேரில் நின்று வாக்குவாதம். ஆகவே இந்த மாதம் முழுக்க இடி புராணம்தான். ஹைபிரிட் பட்டரி பற்றிக் கேட்ட நால்வரும் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

ஐயா, நான் பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியை. கால்பந்தில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைத் தள்ளினாலே விசில் ஊதுகிறோம். நீங்கள் இடிப்பதை உப்பு என்கிறீர்கள். பிள்ளைகளும் வாசிக்கிற பத்திரிகை இது.
*ஓர் ஆசிரியை, உவர்மலை*

டீச்சர், உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பந்துக்காக இரண்டு பேர் தோளோடு தோள் மோதினால் விசில் ஊத மாட்டீர்கள். பின்னால் வந்து முதுகில் தள்ளினால் ஊதுவீர்கள். டூரிங் கார் ரேஸிலும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான்.

ஃபோர்முலா 1 காரில் சக்கரங்கள் வெளியே தெரிகின்றன. சக்கரத்தோடு சக்கரம் பட்டால் ஒன்று மற்றதன்மேல் ஏறிப் பறந்துவிடும். அங்கே யாரும் உரசிப் பார்க்க ஆசைப்படுவதில்லை. டூரிங் கார் அப்படியல்ல. நாம் வீதியில் காண்கிற கொரோலா, சிவிக், பி.எம்.டபிள்யூ உடம்புதான். சக்கரம் மட்கார்டுக்குள் இருக்கிறது. கதவோடு கதவு பட்டால் கண்ணாடி போகும், பெயின்ற் போகும், இருவரும் தொடர்ந்து ஓடுவார்கள். பிரித்தானியாவில் 1958 முதல் இந்தப் போட்டி நடக்கிறது. சனம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பதும் பாதி இதற்காகத்தான்.

ஆனால் எந்த இடத்தில் படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சின்ன வயதில் சைக்கிளில் போகும்போது நண்பனின் பின் கரியரை உதைத்து விளையாடியிருப்பீர்கள். நேர் வீதியில் உதைத்தால் அவன் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போவான், அவ்வளவுதான். அதே உதையை அவன் பிரேக் பிடித்துக்கொண்டு வளைவில் திரும்பும்போது கொடுங்கள். விழுந்துவிடுவான். காரும் அப்படித்தான். பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. பின்சக்கரம் இலேசாகி, வீதியைப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும். அந்த நொடியில் பின் பம்பரின் மூலையில் விரலால் சுண்டுவதுபோல் ஒரு தட்டுப் போதும், ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கார் பம்பரமாகிவிடும். தட்டியவனின் காரில் கீறல்கூட இருக்காது. கதவு நெளிய நெளிய இரண்டு வளைவு பக்கத்துக்குப் பக்கம் ஓடுவது சண்டை. அந்தச் சின்னத் தட்டு களவு. தகரத்தின் நெளிவைப் பார்த்து எது பெரிய குற்றம் என்று சொல்லவே முடியாது.

எழுதிய சட்டமும் உண்டு. சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி, முந்த வருபவனைத் தடுக்க ஒரு தடவைதான் பாதை மாறலாம். பாம்புபோல் நெளியக்கூடாது. தடுக்க விலகியவன் வளைவுக்கு முன் தன் பழைய பாதைக்குத் திரும்பும்போது, தடத்தின் ஓரத்தில் ஒரு காரின் அகலமாவது மிச்சம் விடவேண்டும். எழுதாத சட்டம் ஒன்றும் இருக்கிறது. உள்பக்கம் நுழைகிறவன் முன்னால் போகிறவன் திரும்பத் தொடங்குவதற்கு முன்பே அவனுடைய கண்ணாடியில் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிய பிறகு மூக்கை மட்டும் நுழைத்துவிட்டு "நான் இருந்தேனே" என்று சொல்வது எங்கள் ஆட்களுக்கும் கைவந்த கலை. அனுராதபுரச் சந்தியில் தினமும் பார்க்கலாம்.

அண்ணா, 2025 பெப்ரவரியில் வலென்சியாவில் அஜித்தின் கார் உருண்ட வீடியோவை ஐம்பது தரம் பார்த்துவிட்டேன். மற்றவன் வேண்டுமென்றுதானே இடித்தான்?
*நி. ம., நிலாவெளி*

ஐம்பது தரம் பார்த்தாலும் நீங்கள் பார்த்தது ஒரே வீடியோவை, தம்பி.

முதலில், அது போர்ஷ் கார்களுக்கான போட்டி, டூரிங் கார் அல்ல. ஆனாலும் கேள்வி பொருந்தும். நடுவர்கள் ஒரு மோதலை விசாரிக்கும்போது தடத்தோரக் கமரா, இரண்டு காருக்குள்ளும் இருக்கிற கமரா எல்லாவற்றையும் எடுப்பார்கள். அதோடு காரின் தரவு: எந்த மீற்றரில் பிரேக் மிதித்தான், போன சுற்றில் எந்த மீற்றரில் மிதித்தான், ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது. போன சுற்றைவிடப் பத்து மீற்றர் பிந்திப் பிரேக் பிடித்தவன், "அவன்தான் குறுக்கே வந்து கதவை மூடினான்" என்று அழுதாலும் எடுபடாது. யாருக்கும் பெரும்பங்கு பிழை இல்லை என்றால் "ரேஸில் நடப்பதுதான்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். அதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க என் பேனா வராது. கார் உருண்டும் அஜித் காயமில்லாமல் இறங்கி நடந்தாரே, காருக்குள் இருக்கிற அந்த இரும்புக்கூட்டைப் பற்றியும் கழுத்தைக் காக்கிற பட்டியைப் பற்றியும் யாராவது ஐம்பது தரம் பார்த்துக் கேள்வி கேட்டால் இன்னும் சந்தோசப்படுவேன்.

நான் உப்புவெளியில் விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். தங்க வந்த ஓர் அவுஸ்திரேலியர், "எங்கள் ஊர் பெரிய ரேஸில் முதலாவதாக வந்தவர் பதினோராவது, ஏனென்றால் அவர் நல்லவராக நடந்துகொண்டார்" என்றார். அவர் குடித்திருந்தார். கதை உண்மையா?
*வி. கு.*

குடித்திருந்தாலும் பாதிக்கு மேல் உண்மை சொல்லியிருக்கிறார். அது 2016 பாதர்ஸ்ட் 1000. மலையில் ஏறி இறங்குகிற பொது வீதிதான் தடம். 6.213 கிலோமீற்றர், 161 சுற்று. நம் கணக்கில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்வந்து, திரும்ப ஒரு தரம் போய்வருவதற்குச் சமமான தூரம், ஒரே நாளில்.

முடிய ஏறத்தாழ பத்துச் சுற்று இருக்கும்போது ஜேமி வின்கப், ஸ்கொட் மெக்லொக்லினை உள்பக்கத்தால் முந்தப் போனார். மெக்லொக்லின் புல்லுக்குள் இறங்கிவிட்டார். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். டூரிங் கார் உலகத்தில் ஒரு மரியாதை இருக்கிறது: பிழையாகத் தட்டி இடம் பிடித்துவிட்டால், நடுவர் சொல்லும்வரை காத்திராமல் நீயே வேகத்தைக் குறைத்து அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் பெரும்பாலும் தண்டனை வராது, அல்லது குறையும். எனக்கு இந்தப் பழக்கம் மிகப் பிடிக்கும். களவெடுத்த மாங்காயைச் சொந்தக்காரர் பார்க்கும் முன் மரத்தடியில் வைத்துவிட்டுப் போவது மாதிரி.

வின்கப் அதைத்தான் செய்யப் போனார். வேகத்தைக் குறைத்தார். ஆனால் பின்னால் கார்த் டான்டர் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒருவர் மெதுவாகிறார், புல்லிலிருந்து இன்னொருவர் தடத்துக்கு ஏறுகிறார், மூன்றாமவர் இடைவெளி கண்டு நுழைகிறார். டான்டரும் மெக்லொக்லினும் மோதிக்கொண்டார்கள். டான்டரின் ரேஸ் அங்கேயே முடிந்தது. வின்கப் கொடி விழும்போது முதலாவதாகத்தான் கோட்டைக் கடந்தார், ஆனால் 15 செக்கன் தண்டனை. கூட்டிப் பார்த்தால் பதினோராம் இடம். அணி மேன்முறையீடு செய்தும் பலிக்கவில்லை. வென்றவர்கள் வில் டேவிசனும் ஜொனதன் வெப்பும்.

எனவே அந்த அவுஸ்திரேலியர் சொன்னதில் ஒரு திருத்தம். நல்லவராக நடந்ததற்கு அவரைத் தண்டிக்கவில்லை. முதல் மோதலுக்குத்தான் தண்டனை. மாங்காயைத் திருப்பி வைத்தது சரி, நடுத் தெருவில் வைத்துவிட்டார். நேர்ப்பாதையில், பின்னால் ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கு நாற்காலியில் இருந்துகொண்டு நான் சொல்கிறேன். மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் போகிற இடத்தில் எனக்கு அந்த யோசனை வந்திருக்குமோ, அது வேறு.

கந்தளாய் வீதியில் பதினான்கு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். நீங்கள் எழுதுகிற எல்லாவற்றையும் நாங்கள் தினமும் செய்கிறோம். எங்களுக்கு ஏன் கப் தருவதில்லை?
*ஓட்டுநர், பெயர் வேண்டாம்*

உங்கள் காரில், மன்னிக்கவும், பஸ்ஸில் அறுபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் ரேஸுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த கேள்வி.

ரேஸ்களில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு கொடி காட்டுகிறார்களே, அது என்ன? கொடியை யாராவது கவனிக்கிறார்களா?
*ச. பி., கிண்ணியா*

குறுக்காக வெட்டிய கறுப்பு வெள்ளைக் கொடியோடு ஒரு காரின் இலக்கத்தையும் காட்டுவார்கள். "உன் நடத்தை சரியில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பொருள். கால்பந்து மஞ்சள் அட்டையின் அண்ணன். முழுக் கறுப்பு வந்தால் காரை உள்ளே கொண்டுவர வேண்டியதுதான். கறுப்பில் செம்மஞ்சள் வட்டம் என்றால் காரில் ஏதோ கழன்று தொங்குகிறது, போய்ச் சரிசெய்.

கவனிக்கிறார்களா என்பதுதான் கனமான கேள்வி. மஞ்சள் கொடி கண்டால் வேகத்தைக் குறை, முந்தாதே. அதற்கு மேல் அதில் விளக்கம் இல்லை. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில்லில் ஒரு கார் தடத்தை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறு பிள்ளையும். அன்று காலையில் எத்தனை குடும்பம் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு போயிருக்கும். இதைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு வராது. பார்க்கப் போனால் தடுப்புக்குப் பின்னால், அதுவும் வளைவின் வெளிப்பக்கம் இல்லாத இடமாக நில்லுங்கள். கார் வழுக்கினால் வெளிப்பக்கம்தான் வரும்.

ஓட்டுநர் தானாக இடிப்பது ஒரு பக்கம். அணியே இடிக்கச் சொல்வது உண்டா?
*த. ர., டொக்யார்ட் வீதி*

உண்டு. ஆதாரத்தோடு உண்டு. 1992இல் சில்வர்ஸ்டோனில் பிரித்தானியப் போட்டியின் கடைசி ரேஸ். பட்டத்துக்குப் போட்டியில் இருந்த ஜோன் கிலீலண்டோடு ஸ்டீவ் சோப்பர் மோதி, இருவரும் வெளியே. சோப்பரோடு ஒரே அணியில் ஓடிய டிம் ஹார்வி சாம்பியன். ஏற்பாடா, இல்லையா என்று முப்பது வருடம் தாண்டியும் கதைக்கிறார்கள்.

அது ஊகம். 2015 ஓகஸ்டில் ஒஸ்திரியாவின் ஸ்பீல்பேர்க்கில் நடந்த ஜேர்மன் டூரிங் கார் போட்டியில் ஊகத்துக்கு இடமே இல்லை. அவுடி அணியின் தலைமை அதிகாரி வொல்ஃப்காங் உல்ரிக் ரேடியோவில், "டீமோ, அவனைத் தள்ளு" என்று சொன்னது ஊருக்கே கேட்டது. டீமோ ஷைடர் முன்னால் போன ரொபர்ட் விக்கன்ஸை இடிக்க, அவர் போய் பஸ்கால் வேர்லைனை இடிக்க, இரண்டு மெர்சிடிஸ்களும் சரளைக்குள். அணிக்கு 200,000 யூரோ அபராதம். ஷைடருக்கு அடுத்த மொஸ்கோ ரேஸ் இல்லை. உல்ரிக் அந்தப் பருவம் முடியும்வரை பிட் பக்கம், அதாவது ரேஸின்போது கார்களுக்கு வேலை பார்க்கும் இடத்துப் பக்கம், வரக்கூடாது.

அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்குத் தேநீர் இறங்கவில்லை. காரணம் சொல்கிறேன். கொழும்பில் வேலை பழகிய காலத்தில் ஒரு நண்பரின் ஃபோர்ட் லேசருக்கு மெக்கானிக்காகக் கட்டுகுருந்தவுக்குப் போவேன். பழைய யுத்தகால விமான ஓடுபாதை, ஒதுங்க ஒரு மரம் கிடைத்தால் பாக்கியம். எங்களிடம் ரேடியோ ஏது. பெல்ட்டை இறுக்கும்போது ஜன்னலுக்குள் தலையை விட்டு, "அந்தப் பச்சைக்காரனுக்குக் கடைசி வளைவில் பின்பக்கம் நிற்கவில்லை. ஒரு தட்டுப் போதும்" என்றேன். சொன்னவன் நான்தான். நண்பர் ஒன்றும் பேசவில்லை, கடைசிக்கு முதல் சுற்றில் தட்டினார். பச்சைக் கார் சுழன்று புல்லுக்குள் போயிற்று. நாங்கள் மூன்றாவது. யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

பின்னேரம் பச்சைக் காரின் பொடியன் எங்களிடம் ஜாக்கி கேட்டு வந்தான். அவர்களுடையது சிக்கிக்கொண்டதாம். எடுத்துக் கொடுத்தேன். குனிந்து வாங்கும்போது எங்கள் பம்பரின் மூலையில் கட்டைவிரல் அளவு பச்சை பெயின்ற் இருந்ததை அவன் பார்த்தான், நானும் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் ஜாக்கியைத் துணியால் துடைத்து, ஒயில்கூடப் போட்டுத் திருப்பித் தந்துவிட்டு, "பெரிய உதவி அண்ணை" என்று சொல்லிப் போனான்.

வேறு கார் உரசி எங்கள் பம்பரில் அதன் பெயின்ற் ஒட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?
*இ. செ., சீனக்குடா*

இந்த இதழில் ஒருவராவது வேலைக்காகும் கேள்வி கேட்டாரே! முதலில் சோப்புத் தண்ணீரில் மண் போகக் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் புதுக் கீறல் விழும். பிறகு நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடக்குப்பட்டால் உங்கள் பெயின்றே வெட்டுப்பட்டிருக்கிறது, பெயின்ற் கடைக்குத்தான் போகவேண்டும். தடக்குப்படவில்லை என்றால் மேலே ஒட்டியதுதான். மென்மையான துணியில் ரப்பிங் கம்பவுண்டைக் கொஞ்சமாக எடுத்துச் சிறு வட்டமாகத் தேய்த்தால் வந்துவிடும். தின்னர் வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக், உங்கள் பெயின்றையும் சேர்த்து எடுத்துவிடும். அப்புறம், நம்மூர் மத்தியான வெயிலில் செய்யாதீர்கள். சூட்டில் கம்பவுண்ட் காய்ந்து பிடித்துக்கொள்ளும். காரை நிழலில் விட்டு, பம்பர் கைக்குக் குளிர்ந்த பிறகு தொடங்குங்கள்.